சனிக்கிழமை காலை ஒன்பது மணி

2004 அக்டோபர் 2, சனிக்கிழமை. லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் புஷி பூங்காவில் 13 பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹியூவிட் அன்று ஓடவில்லை. காலில் அடிபட்டிருந்தது, வேலையும் போயிருந்தது. ஓட்டம் நின்றால் ஓட்டக்கார நண்பர்களின் சகவாசமும் விட்டுப்போகுமே என்பதுதான் அவருடைய கவலை. அதனால் எல்லைக்கோட்டில் நின்று நேரம் குறித்தார். வந்து சேர்ந்தவர்களுக்கு வரிசை வில்லையாகக் கொடுத்தது ஹார்டுவேர் கடையில் வாங்கிய வாஷர். ஓடி முடித்ததும் எல்லாரும் காபி குடிக்கப் போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள்.

'பார்க்ரன்' பிறந்தது இப்படித்தான். இன்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் உண்டு. கட்டணம் கிடையாது. ஒருமுறை பதிவு செய்து பார்கோடு வாங்கினால் போதும்.

புத்தாண்டன்று ஜிம்முக்கு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு, பொங்கல் கழிவதற்குள் நின்றுவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசையில் குறைவில்லை. ஆனால் 'இன்றைக்குப் போகலாமா, வேண்டாமா' என்று தினமும் மனசோடு பேரம் பேச வேண்டியிருக்கிறது. பூங்காவுக்குப் போகிறவருக்கு அந்தப் பேரம் இல்லை. கிழமை, மணி, இடம் மூன்றும் ஏற்கெனவே முடிவானவை. போகாவிட்டால் 'எங்கே ஆளைக் காணோம்?' என்று கேட்கவும் நாலு பேர் உண்டு.

இந்த வேறுபாட்டை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு உடற்பயிற்சியைத் தூண்டும் தகவல் எதுவும் தரப்படவில்லை. அவர்களில் வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இரண்டாவது குழுவுக்கு இதயநோயின் ஆபத்தையும் உடற்பயிற்சியின் பலனையும் விளக்கும் துண்டறிக்கை தரப்பட்டது. பலன், 35 சதவீதம்தான். மூன்றாவது குழுவும் அதே துண்டறிக்கையைப் படித்தது. கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே செய்யப்போகிறோம் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தது. அவர்களில் 91 சதவீதம் பேர் செய்துவிட்டார்கள்.

'இனிமேல் உடம்பைப் பார்த்துக்கணும்' என்று நினைப்பதைவிட, 'திங்கள், புதன், வெள்ளி ஆபீஸ் விட்டு வந்ததும், உட்காராமல், கோயில் குளத்தை நாலு சுற்று' என்று எழுதி காலண்டரில் ஒட்டிவைப்பது ஏன் பலிக்கிறது என்பது இதில் தெரிகிறது. பரீட்சைப் படிப்பு, வீட்டுக் கணக்கு, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் இதே வழி செல்லும்.

துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்கு ஃபௌஜா சிங்கைவிட நல்ல சாட்சி கிடையாது. மனைவியையும் ஒரு மகனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த பஞ்சாப் விவசாயி அவர். லண்டனில் இருந்த இன்னொரு மகன் வீட்டுக்கு வந்தபின், துக்கத்தை மறக்க ஓட ஆரம்பித்தார். முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டு சூட்டோடு போய் நின்றாராம். 2000-இல் லண்டன் மாரத்தானை முடித்தபோது வயது 89. பாஸ்போர்ட் கணக்குப்படி நூறு வயதில், 2011-இல் டொராண்டோ மாரத்தானையும் முடித்தார். அதற்கு எடுத்துக்கொண்டது எட்டு மணி நேரத்துக்கும் மேல். கூடவே கோச் ஹர்மந்தர் சிங்கும் சீக்கிய ஓட்டக்காரர்களும் எப்போதும் இருந்தார்கள்.

குடும்ப வாழ்க்கைக்கு வந்தால், இங்கேயும் பெரிய வாக்குறுதிகளைவிடச் சின்ன வருகைப் பதிவுதான் கணக்கில் சேர்கிறது. ஜான் காட்மன் என்ற உளவியலாளர் 1990-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு போன்ற ஒரு ஆய்வுக்கூடம் அமைத்து, 130 புதுமணத் தம்பதிகளை ஒரு நாள் முழுக்கக் கவனித்தார். 'வானம் கறுத்துக்கிட்டு வருது பாருங்க' என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறாரா? ஆறு வருடம் கழித்து விசாரித்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் அன்று இத்தகைய அழைப்புகளில் 86 சதவீதத்துக்குச் செவிசாய்த்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். சாப்பிடும்போது செல்போனை வேறு அறையில் வைக்கிற குடும்பங்களுக்கு இந்த வேலையில் பாதி தானாகவே நடந்துவிடுகிறது.

இப்படித் தொடர்ந்து செய்வது பழக்கமாக எத்தனை நாளாகும்? 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பேச்சு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் புது முகம் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்றுதான் அவர் சொன்னார். 'குறைந்தது' வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பழக்கம் படிய சராசரியாக 66 நாளானது. ஆளைப் பொறுத்து 18-இலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது.

இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. காய்ச்சலில் படுத்தவரோ கல்யாணத்துக்கு வெளியூர் போனவரோ விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு ஓட வேண்டியதில்லை. அதே மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு, வழக்கத்தில் பாதித் தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம்.