ஹெட்போனும் ஆம்ப்ளிபயரும்: ஜோடி பார்த்து விற்போம்



‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. பருப்பையும் புளியையும் அளந்து போடத் தெரிந்த நாம், புதிதாகக் கடைக்குள் வந்திருக்கும் சில சரக்குகளை அளக்கத் தெரியாமலேயே விற்றுக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு சரக்கைப் பற்றியதே இந்தப் பாடம். விலை உயர்ந்த ஹெட்போனும், அதை இயக்கும் ஆம்ப்ளிபயரும்தான் அந்தச் சரக்கு.

மளிகைக்காரருக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் சிதம்பரம் நான்கு வீதிகளிலும் நடந்து பாருங்கள். அப்பா மளிகைக் கடை வைத்திருக்க, பிள்ளை அதே கட்டடத்தில் செல்போன் கடை வைத்திருப்பது இன்று சாதாரணம். அங்கே முடங்குகிற முதலும் நம் வீட்டு முதல்தான்.

நமக்குப் பாடம் புகட்டிய சம்பவம்

கடலூரில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். நமது தங்கை மகன் சிதம்பரம் மேல வீதியில் செல்போன் உதிரிச் சாமான் கடை நடத்துகிறார். நல்ல உழைப்பாளி. நம்மிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தில் நான்கு உயர் ரக ஹெட்போன்களைக் கொள்முதல் செய்து வைத்தார். நான்கும் சேர்ந்து ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்று விற்றது. வாங்கியவர், இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பழைய நாதஸ்வரப் பதிவுகளைக் கேட்பதற்காகவே வாங்கினார்.

மூன்றாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார். “தம்பி, இதைவிட முந்நூறு ரூபாய் இயர்போன் சத்தமாகக் கேட்கிறது. பழுதான சரக்கைக் கொடுத்துவிட்டாய்” என்றார். வீதியில் நாலு பேர் கேட்கும்படி சொன்னார். சிறிய ஊரில் ஒரு கடைக்குப் பெயர் கெடுவதற்கு அது போதும்.

“மாமா, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?” என்று மருமகன் போன் செய்தார். “அவசரப்படாதே மாப்பிள்ளை, முதலில் சரக்கைச் சோதிப்போம்” என்று சொல்லிப் பஸ் ஏறினோம். திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதில் 600 ஓம் என்று அச்சிட்டிருந்தது. சிரித்துவிட்டார். “முதலாளி, சரக்கில் பழுதில்லை. பத்து டன் பாரத்தை மாட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்” என்றார்.

அளவு ஒன்று: ஓம்

ஹெட்போனுக்குள் ஒரு சிறு கம்பிச் சுருள் இருக்கிறது. மின்சாரம் அதில் ஓடும்போது காந்தத்தின் அருகே சவ்வு அதிர்கிறது. அதுவே ஒலி. அந்தச் சுருள் மின்சாரத்துக்குக் காட்டும் தடையைத்தான் ஓம் கணக்கில் சொல்கிறார்கள். ஓம் கூடினால் அதே வேலைக்கு அதிக வோல்ட் தேவை. ஓம் குறைந்தால் குறைந்த வோல்ட் போதும்; ஆனால் கரண்ட் அதிகம் இழுக்கும்.

மைக் செட்காரர்களுக்கு இது புதிதல்ல. 8 ஓம் ஹாரனை எங்கே கோர்ப்பது, தேர் வீதி நெடுக ஹாரன்களை 100 வோல்ட் லைனில் எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அவர்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்றும் 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் தனித்தனி முனைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொருத்தம் பார்க்காமல் கோர்த்தால் ஒன்று சத்தம் வராது, அல்லது சுருள் எரியும். ஒரு எச்சரிக்கை: மைக் செட்டின் 100 வோல்ட் முனையில் ஹெட்போனை ஒருக்காலும் மாட்டிப் பார்க்கக்கூடாது.

அளவு இரண்டு: டெசிபல்

ஒரு மில்லிவாட் மின்சக்தி கொடுத்தால் ஹெட்போன் எவ்வளவு சத்தம் எழுப்பும் என்பது இரண்டாவது அளவு. அதை டெசிபலில் சொல்வார்கள். இந்தக் கணக்கில் 3 டெசிபல் கூட வேண்டுமானால் சக்தி இரண்டு மடங்கு வேண்டும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு வேண்டும்.

ஜெர்மனியின் பெயர்டைனமிக் நிறுவனம் டிடி 880 என்ற ஒரே மாடலை 32, 250, 600 ஓம் என்று மூன்று வகையாக விற்றது. மூன்றுக்கும் குறிப்பிட்ட அளவு, ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். தவில் ஓங்கி அடிக்கும் நொடியில் 110 டெசிபல் வரை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 14 டெசிபல் கூடுதல், அதாவது 25 மில்லிவாட் தேவை. அதற்கான வோல்ட் கணக்கு இது:

32 ஓம் வகைக்குச் சுமார் 0.9 வோல்ட்.
250 ஓம் வகைக்கு 2.5 வோல்ட்.
600 ஓம் வகைக்குச் சுமார் 3.9 வோல்ட்.

செல்போனிலும், அதில் செருகும் சிறு இணைப்பிலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வோல்ட்டை ஒட்டித்தான். ஆகவே 32 ஓம் வகை போனிலேயே பாடும். 600 ஓம் வகை முனகத்தான் செய்யும். பெரியவரின் புகாருக்கு விளக்கம் இவ்வளவுதான்.

ஓமை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. சீனாவின் ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்.இ.6 என்ற ஹெட்போன் 50 ஓம்தான். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு அது தரும் சத்தம் 83.5 டெசிபல் மட்டுமே. அதே 110 டெசிபலுக்கு அது கேட்பது சுமார் 450 மில்லிவாட். மேலே சொன்னதைப்போல் பதினெட்டு மடங்கு. அதனால் அதைப் பெரிய ஒலிபெருக்கி ஆம்ப்ளிபயரில் கோர்த்துக் கேட்பவர்களும் உண்டு. மூட்டையின் உருவத்தைப் பார்த்து எடையைச் சொல்ல முடியாதல்லவா? ஓம், டெசிபல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாரம் தெரியும்.

ஆம்ப்ளிபயரின் உள்தடை

ஆம்ப்ளிபயருக்கும் தன்னளவில் ஒரு தடை உண்டு. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது தொழிலில் வழங்கும் பொதுக் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். 300 ஓம் ஹெட்போனுக்கு 37 ஓமுக்குள்.

காரணம் உண்டு. பெட்டியில் அச்சிட்ட ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600, பெயரளவில் 300 ஓம். தாழ்ந்த சுருதிகளில் அது 500 ஓம் அளவுக்கு ஏறும். உள்தடை அதிகமுள்ள சில வால்வு ஆம்ப்ளிபயர்களில் அந்த இடத்தில் மட்டும் சத்தம் சற்றுத் தூக்கலாகும். அந்தக் கனம் சிலருக்குப் பிடிக்கும். அதே ஆம்ப்ளிபயரில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் பொருத்தம் கெட்டுவிடும்.

சில ரகங்களைப் பிரித்து விற்கவே முடியாது. 1991-ல் சென்ஹைசர் வெளியிட்ட ஆர்ஃபியஸ் ஹெட்போனும் அதன் வால்வு ஆம்ப்ளிபயரும் ஒரே ஜோடியாக, 300 செட் என்ற வரம்போடு வந்தன. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் செய்யும் ஹெட்போன்களில் சுருள் இல்லை; சவ்வுக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கும் தனி ஆம்ப்ளிபயர் இல்லாமல் அவை பேசா. நமது ஜி.எஸ்.டி. அட்டவணையில்கூட மைக், ஒலிபெருக்கி, ஹெட்போன், ஆம்ப்ளிபயர் எல்லாம் 8518 என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. வரி போடுகிறவர்களே ஒரு குடும்பமாக வைத்திருக்கும் சரக்கை நாம் பிரித்து விற்றால் சிக்கல்தான்.

தராசின் வெறுந்தட்டு

அடுத்து, எது நல்லது என்று ஒப்பிடும் முறை. எடை போடுமுன் வெறுந்தட்டைச் சமன் பார்ப்பது நம் தொழில் தர்மம். ஒலிக்கும் அதே தர்மம்தான். இரண்டு ஆம்ப்ளிபயர்களை ஒப்பிடும்போது எது கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருக்கிறதோ, அதுவே தெளிவாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். இதைத் தெரிந்து பயன்படுத்தும் விற்பனையாளர்களும் உண்டு. அது தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவதற்குச் சமம்.

மைக் செட் நண்பர் காட்டிய வழி எளியது. ஒரே ஹெட்போன், ஒரே பாட்டு. ஒரே சீரான சோதனை ஒலியை ஓடவிட்டு, இரு ஆம்ப்ளிபயரும் தரும் வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைக்க வேண்டும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட இந்த மீட்டர் போதாது. சத்தத்தையே அளக்கும் கருவி வேண்டும்.

மருமகன் சென்னையிலிருந்து இரண்டு ஆம்ப்ளிபயர்களைத் தருவித்தார். ஒன்று எட்டாயிரம், மற்றொன்று முப்பதாயிரம். பெரியவரை அழைத்து, சமன் செய்து, மல்லாரிப் பதிவு ஒன்றைப் போட்டோம். “சீவாளியில் மூச்சு ஏறுவது கேட்கிறது” என்றார். ஆனால் ஆறு முறை மாற்றிப் போட்டும் அவரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மருமகன் நம் முகத்தைப் பார்த்தார். முப்பதாயிரத்தைத் தள்ளிவிட அதுவே நல்ல சமயம். நாம் தலையசைத்தோம், எட்டாயிரத்தையே எடுத்து வைத்தார். அன்று லாபம் குறைந்தது. பெட்டி திரும்பி வரவில்லை. அந்தப் பெரியவர் அனுப்பி வைத்து இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

நம் காதையும் அன்று சோதித்துக்கொண்டோம். பேத்திக்குக் கேட்கும் மெல்லிய உச்ச ஒலிகள் நமக்குக் கேட்கவில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் தம் காதை நம்பித் தரம் சொல்லாதிருப்பது நலம்.

விலை தரத்துக்குச் சாட்சியாகுமா? 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்தார். தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை அவை ஒலிக்கும் விதத்துக்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை என்று எழுதினார். உழைப்பு, உதிரி பாகம், நீடித்த வாழ்வு இவற்றுக்கு விலை கொடுக்கலாம். விலைச் சீட்டை மட்டும் காட்டி ஒலிக்குச் சான்று சொல்லக்கூடாது. தொண்ணூறுகளில் சிறிய டேப் ரெக்கார்டர் பெட்டிகளிலெல்லாம் ஆயிரக்கணக்கான வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டு விற்றது நம் அனைவருக்கும் நினைவிருக்கும். அது பொது அளவே அல்ல. இன்றும் ஆர்.எம்.எஸ். கணக்கையே கேளுங்கள், எத்தனை ஓமில் அந்த வாட் என்றும் கேளுங்கள்.

கடைக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வாடிக்கையாளரிடம் முதலில் ‘எதில் மாட்டிக் கேட்பீர்கள்?’ என்று கேட்கவும். போன் மட்டும் என்றால் ஓம் குறைந்த, டெசிபல் கூடிய வகையைக் கொடுக்கவும்.

2. புளூடூத் ஹெட்போனில் ஆம்ப்ளிபயர் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு இந்தக் கணக்குகள் தேவையில்லை.

3. 250 ஓமுக்கு மேற்பட்டதையும், டெசிபல் குறைந்ததையும் ஆம்ப்ளிபயர் இல்லாமல் இருப்பு வைக்கவேண்டாம். கடையில் ஒரு ஜோடியைக் கேட்டுப் பார்க்க வைக்கவும்.

4. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லரை விலை இல்லாத சரக்கை, எவ்வளவு மலிவாக வந்தாலும், வாங்கவேண்டாம். பில் போட்டே விற்கவும்.

5. சிறிய ஊரில் இது மெல்ல நகரும் சரக்கு. சென்னையில் 2011-ல் தொடங்கிய ஹெட்போன் ஸோன் போன்ற நிறுவனங்கள் ஹெட்போனையே தனி வியாபாரமாக நடத்துகின்றன. நாம் ஒன்றிரண்டு வைத்து, கேட்டால் தருவித்துக் கொடுப்பதே முதலுக்குப் பாதுகாப்பு.

6. சக்தியுள்ள ஆம்ப்ளிபயர் காதையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலில் 4 மணி நேரம் மட்டுமே. இதை விற்கும்போதே சொல்லி அனுப்புவது நம் கடமை.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது மைக் செட் நண்பர் தம் கூலியாக ஒரு காப்பியைத்தான் வாங்கிக்கொண்டார். மருமகனின் கடையில் மிச்சமிருந்த மூன்று ஹெட்போன்களில் இரண்டு ஆம்ப்ளிபயரோடு சேர்ந்து விற்றுவிட்டன. ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதன் பெட்டி மேல் அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘ஆம்ப்ளிபயர் இல்லாமல் விற்பதற்கில்லை.’

அளந்து வாங்குவோம், அளந்து சொல்வோம், அளந்து விற்போம். வளர்க வணிகம்!