நாம் வாழும் இடத்தை அறிவோம்: ஆற்றங்கரை நகரம் லில்லெஸ்ரோம்

யாழ்ப்பாணத்தவராகிய எமக்குத் தெரிந்த ஆறு வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். ஆகவே ஒஸ்லோவுக்கு வடகிழக்கே, நித்தெல்வா கரையிலுள்ள லில்லெஸ்ரோமில் வீடு தேடும் எம்மவர், அவ்வாற்றின் கதையையும் சிறிது அறிந்திருத்தல் நன்று.

இந்நகரை உண்டாக்கியது மரம். காடுகளில் தறித்த மரங்கள், நாட்டின் மிக நீண்ட ஆறான குளோமாவில் மிதந்து வந்து, ஓயெரன் ஏரிக்கு மேலே ஃபெத்சுண்ட் என்னுமிடத்தில் மறிக்கப்பட்டன. ஒவ்வொரு மரத்திலும் வெட்டப்பட்டிருந்த உரிமையாளரின் குறியைப் பார்த்துப் பிரித்தார்கள். தண்ணீரில் எழுதிய பேரேடு என்று கணக்காளர்களாகிய நாம் சொல்லலாம்! 1985இல் அவ்வேலை நின்றது. இன்று அது அருங்காட்சியகம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல ஏற்ற இடம்.

முன்னர் அரிந்த பலகைகள் பனிக்காலத்தில் குதிரைச் சறுக்குவண்டிகளில் தலைநகர் சென்றன. 1854இல் நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை தலைநகரிலிருந்து இவ்வூர் வழியாக எய்ட்ஸ்வொல் வரை திறக்கப்பட்டது. மரம் அரியும் தனியுரிமை 1860இல் நீங்கவே, நீராவி ஆலைகள் பெருகின. தொழிலாளர் குடியிருப்புகள் ஆற்றோரத் தாழ்நிலத்தில் எழுந்தன.

இனித்தான் எமக்கு வேண்டிய விடயம். நித்தெல்வா சிறிய ஆறுதான். ஆனால் வைகாசி, ஆனியில் மலைப்பனி உருகிக் குளோமா பெருகும்போது ஓயெரன் நிரம்புகிறது. அதன் வாய்க்கால் ஒடுக்கமானது. வந்த நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாது. ஏரி உயர, நித்தெல்வாவும் பின்வாங்கி ஊருக்குள் ஏறுகிறது. ஊரில் ஒரு துளி மழை பெய்யாமலே வெள்ளம் வரலாம் என்பதை எம்மவருக்கு விளங்கவைப்பது கடினம்! 1967இல் தெருக்களில் தண்ணீர் நின்றது. 1995 பெருவெள்ளத்தின்போது அவசரமாக மண்ணணை எழுப்பி நகரைக் காத்தார்கள்.

1998இல் லில்லெஸ்ரோம் நகர அந்தஸ்துப் பெற்றது. அடுத்த ஆண்டு திறந்த சுரங்கப்பாதையால் ஒஸ்லோ மிகவும் கிட்டியது. 2020இல் ஷெட்ஸ்மோ, ஃபெத், சோறும் ஆகியன இணைந்து லில்லெஸ்ரோம் என்ற பெயரிலேயே ஒரே நகரசபையாயின.

வீடு பார்க்கப் போகிறவர்கள் புகையிரத நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதை மட்டும் கேட்டுத் திரும்பவேண்டாம். நீர்வளத் திணைக்களத்தின் வெள்ள அபாய வரைபடத்தில் அத்தெருவைப் பாருங்கள். நிலவறைக்குள் முன்பு தண்ணீர் வந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த உறுதிகளையும் குடும்பப் படங்களையும் நிலவறையில் வைக்காமல் மேல்மாடியில் வையுங்கள்.