பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்: வாங்கலாமா, வேண்டாமா?

புது லைக்கா எம்11-இன் விலையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அடுத்து விசாரிப்பது பழைய எம்8, எம்9, எம்240 மூன்றைத்தான். புதியதற்கான தொகையில் ஒரு பகுதிக்கே அவை கிடைத்துவிடும். பித்தளை மேல்மூடியும் மெக்னீசியக் கலவை உடம்புமாகக் கையில் எடுத்ததுமே கனம் தெரியும். ஆயுசுக்கும் உழைக்கும் என்று தோன்றும். 1954-இல் வந்த எம்3 இன்றும் ஓடுகிறதே என்று விற்பவரும் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் எம்3-க்குள் மின்னணுச் சுற்று என்று எதுவும் கிடையாது. பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் கெட்டால் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பிரித்து மாட்டிவிடுவார். டிஜிட்டல் எம்-இன் சென்சரோ மெயின்போர்டோ போனால் அந்தப் பாகம் உலகத்தில் எங்காவது மிச்சமிருக்க வேண்டும். ஆகவே, பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குகிறவர் விலை கொடுப்பது அந்தக் கேமராவின் மீதி ஆயுளுக்கு. அந்த மீதி எவ்வளவு என்று கணிப்பதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு ஒத்துவருமா?

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் காட்சி இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பொருள். படத்தில் எவ்வளவு விழும் என்பதை வெளிச்சக் கோடுகள் காட்டும். அதுவும் தோராயம்தான். ஆட்டோஃபோகஸ் இல்லை, சாதாரண ஜூம் இல்லை. பெரும்பாலான லென்ஸ்களில் 70 சென்டிமீட்டருக்குக் கிட்டே போக முடியாது. பறவை, விளையாட்டு, பூச்சி எல்லாம் எடுக்கிறவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

தெருவிலும் வீட்டிலும் 28 முதல் 50 மி.மீ. வரையிலான லென்ஸில் மனிதர்களை எடுப்பவருக்கு இந்த முறை அருமையானது. சட்டகத்துக்கு வெளியே என்ன வருகிறது என்பதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம் கேமராவில் பார்வைக் குறைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் வசதி இல்லை. தனி லென்ஸ் வாங்கிக் கண்வைக்கும் துளையில் மாட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடியோடே பார்த்தால் 28 மி.மீ. கோடுகளின் ஓரம் பலருக்கு மறைந்துவிடும்.

சோதித்துப் பார்க்க லைக்காவே வேண்டும் என்றில்லை. 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்ற ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றைப் பழைய கேமராக் கடையிலோ நண்பரிடமோ வாங்கி ஓரிரு ரோல் எடுத்துப் பாருங்கள். இரட்டைப் படத்தை ஒன்றாக்குவதிலேயே எரிச்சல் வந்தால், எம் வாங்கினாலும் அந்த எரிச்சல் போகாது. தோற்றம்தான் பிடித்திருக்கிறது என்றால் ஃபுஜி எக்ஸ்100 அல்லது எக்ஸ்-ப்ரோ1 வாங்குங்கள். அவை ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல. ஆனால் ஜன்னல் வழிப் பார்வையும் ஆட்டோஃபோகஸும் சேர்ந்தே கிடைக்கும்.

இரண்டாம் படி: எந்த மாடல்?

டிஜிட்டல் எம்-களின் குறைகள் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான். இந்த வகைக் கேமராவில் எஸ்எல்ஆர் போல உள்ளே மடங்கும் கண்ணாடி (மிரர்) இல்லை என்பதால் லென்ஸின் பின்புறம் சென்சருக்கு மிக அருகில் வந்துவிடும். ஒளி ஓரங்களில் சாய்வாக விழும். சென்சர் மேலுள்ள பாதுகாப்புக் கண்ணாடி தடிமனாக இருந்தால் ஓரங்கள் குழம்பிவிடும். மெல்லியதாக வைத்தால் அகச்சிவப்புக் கதிர்கள் முழுதாகத் தடுக்கப்படாமல் உள்ளே வந்துவிடும். இந்த இழுபறியில் லைக்கா எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் வாங்கியவர்கள் விலை கொடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முந்தியது எப்சன் ஆர்-டி1. 2004-இல் வந்த முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர், 6.1 மெகாபிக்சல். ஃபிலிம் கேமரா போல ஒவ்வொரு படத்துக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். மேலே கடிகார முள் போன்ற மானிகள். அழகுக்கு இணையில்லை. ஆனால் முதலிரண்டு வடிவங்களும் 2 ஜிபி-க்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது. பழுதானால் எப்சனிடம் போய் நிற்கவும் முடியாது. சேகரிப்பவர்களுக்கு மட்டும்.

2006-இல் வந்தது எம்8: 10.3 மெகாபிக்சல் கோடாக் சிசிடி சென்சர். அது ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 47 போல நடந்துகொள்ளும். இதில் லைக்கா பாதுகாப்புக் கண்ணாடியை மிக மெல்லியதாக, அரை மில்லிமீட்டரில் வைத்தது. விளைவு, செயற்கை இழையில் நெய்த கறுப்புத் துணியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தது. கறுப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளையைக் கற்பனை செய்து பாருங்கள். வாங்கியவர்களுக்கு லைக்கா இரண்டு யுவி-ஐஆர் ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. இன்று வாங்கும் உங்களுக்கு ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ஃபில்டர் செலவு உண்டு. அகன்ற லென்ஸில் ஃபில்டர் மாட்டினால் மூலைகள் நீலப்பச்சையாகும். லென்ஸின் பின்புறக் குறியீட்டைப் படித்தால்தான் கேமரா அதைத் திருத்தும். வேறு நிறுவன லென்ஸ்களில் பெரும்பாலும் அந்தக் குறியீடு இருக்காது, எம்8-இல் கையால் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. அதே அகச்சிவப்புக் கசிவு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வரமாக அமைகிறது. கறுப்பு வெள்ளை மட்டுமே எடுப்பேன் என்பவருக்கு எம்8 இன்றும் மலிவான, இன்பமான கேமரா. பின்புறத் திரையின் ஓரத்தில் காப்பிக் கறை போல வட்டம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்தத் திரைக்கு மாற்றுப் பாகம் இல்லை.

2009 செப்டம்பரில் வந்த எம்9 முழு ஃபிலிம் அளவு சென்சரோடு 18 மெகாபிக்சல் தந்தது. பலர் கனவு காண்பது இதைத்தான். ஆபத்தும் இதில்தான். எம்8-இன் அகச்சிவப்புச் சிக்கலைத் தீர்க்கப் பாதுகாப்புக் கண்ணாடியை மாற்றினார்கள். அந்தக் கண்ணாடி காற்றின் ஈரத்துக்குத் தாங்கவில்லை. பூச்சில் நுண்ணிய துளை விழுந்த இடத்தில் ஈரம் புகுந்து அரிக்கத் தொடங்கியது. எம்9, எம்9-பி, எம்-இ, கறுப்பு வெள்ளைக்கென்றே 2012-இல் வந்த எம் மோனோக்ரோம் நான்குக்கும் இந்த நோய் உண்டு. லைக்கா குறையை ஒப்புக்கொண்டு, திருத்திய சென்சரை இலவசமாக மாற்றித் தந்தது. 2017 ஆகஸ்ட்டோடு அந்த இலவசம் நின்றது. பிறகு கட்டணத்துக்கு மாற்றினார்கள். கடைசியில் புதுச் சென்சர் கையிருப்பே தீர்ந்துவிட்டது. வெளிநாட்டில் ஓரிரு தனியார் பட்டறைகள் கண்ணாடியை மட்டும் மாற்றித் தருகின்றன; அனுப்பும் செலவும் சுங்கமும் உங்கள் பொறுப்பு. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எம்9-இன் சிசிடி நிறத்துக்கு ஈடு கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கும் அந்த நிறம் பிடிக்கும். ஆனால் நிறம் சிசிடி என்ற பெயரிலிருந்து வருவதில்லை. பிக்சல்கள் மேலுள்ள நிற வடிகட்டிகள், பாதுகாப்புக் கண்ணாடி, மென்பொருள் மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. மற்ற கேமராக்களின் ரா கோப்பில் கொஞ்சம் உழைத்தால் அதற்கு வெகு அருகில் போகலாம். இந்தப் பேச்சை நம்பி விலை ஏற்றிக் கேட்பவரிடம் அந்த ஏற்றத்தைக் கொடுக்காதீர்கள்.

2012-இல் அறிவித்து 2013-இல் கடைக்கு வந்தது எம் டைப் 240. 24 மெகாபிக்சல் சிமாஸ் சென்சர், பின்திரையில் நேரடிக் காட்சி, வீடியோ, பெரிய பேட்டரி. கண்ணாடி அரிப்பு நோய் இல்லை. 680 கிராம், எம்9-ஐவிடத் தடிமன். எம்9-இல் ஐஎஸ்ஓ 800-க்கு மேல் தயங்க வேண்டியிருக்கும். இதில் 3200 வரை துணிந்து போகலாம். 2015-இல் வந்த எம்262-இலும் இதே சென்சர்தான். வீடியோவும் நேரடிக் காட்சியும் நீக்கப்பட்டு எடை குறைந்தது.

மூன்றாம் படி: கையில் எடுத்துச் சோதியுங்கள்

நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். முடியாவிட்டால், திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் பெற்ற பிறகே பணம் அனுப்புங்கள். சோதிக்கப் போகும்போது எஸ்டி கார்டு, 50 மி.மீ. லென்ஸ், லேப்டாப், முக்காலி, ஒரு பழைய நாளிதழ் எடுத்துப் போங்கள்.

சென்சரில் தொடங்குங்கள். லென்ஸை எஃப்16-க்கு மூடி, குறைந்த ஐஎஸ்ஓ-வில், ஃபோகஸைக் கலைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். பெரிய திரையில் முழு அளவில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தூசியாக இருக்கலாம். காற்றடித்து மறுபடி எடுத்தால் நகர்ந்துவிடும். நகராமல், சுற்றிலும் வளையம் கட்டிய புள்ளி எம்9-இல் தெரிந்தால் அதுதான் அரிப்பு. லென்ஸ் திறந்திருக்கும்போது இது தெரியாது. விற்பவர் காட்டும் மாதிரிப் படங்கள் எஃப்2-இல் எடுத்தவையாக இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம். பிறகு மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 640-இல் ஒரு நொடி எடுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரு நிறக்கோடு ஓடினால் சிசிடி-யின் ஒரு வரிசை பழுது.

எம்9 வாங்குகிறவர் சென்சர் மாற்றியதற்கான லைக்கா சர்வீஸ் ரசீதைக் கேட்டே ஆக வேண்டும். கேமராவில் மறைந்திருக்கும் சர்வீஸ் மெனுவில் சென்சர் எண் 15 என்று காட்டினால் அது திருத்திய சென்சர். மோனோக்ரோமில் அந்த எண் 16. "இதுவரை எந்தப் பிரச்சினையும் வரலை சார்" என்பது சான்றாகாது. எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதும் அதே மெனுவில் தெரியும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகப் பேரம் முறிய வேண்டாம்.

அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர். தூரத்துச் செல்ஃபோன் கோபுரம் ஒன்றைப் பார்த்து லென்ஸை முடிவிலி வரை திருகுங்கள். இரண்டு கோபுரமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினாலும் மேலும் கீழுமாக விலகினாலும் சரிசெய்ய முடியும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பிறகு நாளிதழை மேசையில் விரித்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து சாய்வாக, லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு குறிப்பிட்ட வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அந்த வரி தெளிவாக இல்லாமல் முன்வரியோ பின்வரியோ தெளிந்தால் பிசகு இருக்கிறது. இரண்டாவது லென்ஸிலும் அதே பக்கம் விலகினால் குறை கேமராவில். ஒன்றில் மட்டும் என்றால் லென்ஸில். நடுச் சதுரமே மங்கிப் பழுப்பேறியிருந்தால் அது வேறு கதை; உள்ளே பிரிக்க வேண்டிவரும்.

ஷட்டரை எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். உச்ச வேகத்தில் எடுத்த வானத்தின் ஒரு பக்கம் இருண்டால் விட்டுவிடுங்கள். பொத்தான்கள், வார் மாட்டும் வளையம், அடித்தட்டின் பூட்டு இவற்றுக்கு ஒரு நிமிடம் போதும். பேட்டரி வீங்கியிருக்கிறதா, ஒரிஜினல் சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். எம்8-க்கும் எம்9-க்கும் ஒரே பேட்டரிதான். நல்ல நிலையில் இரண்டு சேர்ந்து வந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். மேல்மூடியில் பெயிண்ட் தேய்ந்து பித்தளை தெரிவது குறையே இல்லை. சிலர் அதற்கு அதிக விலை கேட்பதுதான் வேடிக்கை.

நான்காம் படி: கணக்கு

லென்ஸுக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள், மிச்சத்தில் கேமரா பாருங்கள். எம் லென்ஸ் எழுபது ஆண்டாக ஒரே வாயில் பொருந்துகிறது. இன்று வாங்குவது நாளை எம்11-லும் மாட்டும், விற்றாலும் பெரிதாக நட்டமில்லை. கேமரா உடம்பு அப்படியல்ல. லைக்கா லென்ஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. கோசினா தயாரிக்கும் ஃபோய்க்ட்லேண்டர் லென்ஸ்கள் நியாயமான விலையில் மிக நல்லவை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர், காப்பீடு எல்லாம் சேர்த்த பிறகே உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். ஃபோகஸ் திருத்தத்துக்கு ஒரு தொகை, எம்8 என்றால் ஃபில்டர்களுக்கு ஒரு தொகை. பெரிய பழுது வந்தால் கேமரா ஜெர்மனியின் வெட்ஸ்லர் வரை போய்வர வேண்டியிருக்கும். பல வாரங்கள், சில நேரம் மாதங்கள். அதுவரை படம் எடுக்க வேறு கேமரா இல்லாதவர், குறிப்பாகப் படமெடுத்துப் பிழைப்பவர், இந்த வழியில் இறங்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் எம்262 அல்லது 240 வாங்குங்கள். கறுப்பு வெள்ளைப் பித்தர்கள் நல்ல திரையுள்ள எம்8 எடுக்கலாம். சென்சர் மாற்றியதற்குச் சான்று இல்லாத எம்9-ஐ எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.