பருவத்துக்கு ஒரு ஸ்லைம்

விடுமுறை விட்டால் பிள்ளைகள் நச்சரித்து வாங்கும் பொருள்களில் ஸ்லைமும் சேர்ந்துவிட்டது. 1976இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம், குட்டிக் குப்பைத்தொட்டி வடிவ டப்பாவில் பச்சை நிறக் கொழகொழப்பாக இதை விற்கத் தொடங்கியது. வீட்டிலேயே செய்தால் பதம், நிறம் இரண்டும் நம் கையில். வெயில், மழை, பனி என்று காலத்துக்குத் தகுந்தபடி மாற்றியும் கொள்ளலாம்.

1. ஸ்டேஷனரி கடையில் பிதுக்கும் பாட்டிலில் வரும் வெள்ளைப் பசை (ஃபெவிகால் எம்.ஆர். போன்றது) வாங்குங்கள். பி.வி.ஏ. வகைப் பசைதான் ஸ்லைமாகத் திரளும். கோந்து, மைதாப் பசை, குளூ ஸ்டிக் எல்லாம் சரிப்படாது.

2. அடிப்படை அளவு இதுதான்: அரை கப் பசை (120 மி.லி.), அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம். திரவத்தின் லேபிளில் போரிக் ஆசிட் அல்லது சோடியம் போரேட் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் பசை பசையாகவே இருக்கும். ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடக் கூடாது.

3. எல்லாரும் கோட்டைவிடும் இடம் இந்தத் திரவத்தை ஊற்றுவதில்தான். பசையில் சோடாவைக் கலக்கி, திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் கிளறுங்கள். முதலில் நூல் நூலாக இழுக்கும். பிறகு கிண்ணத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். அப்போதும் கையில் லேசாக ஒட்டும். "ஒட்டுதே" என்று இன்னும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் ஒட்டுவது நின்றுவிடும். திரவம் கூடிப்போனால் ரப்பர் மாதிரி விறைத்து, இழுத்ததும் அறுந்துவிடும்.

4. நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெண்காரத்திலும் ஸ்லைம் வரும். ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு கப் வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, அதே போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் வெண்காரத்தை இனப்பெருக்க நலனுக்குக் கேடு செய்யக்கூடிய பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது வேண்டவே வேண்டாம் என்பேன். செய்தே ஆகவேண்டும் என்றால் பொடியைத் தொடுவதும் கரைப்பதும் பெரியவர்கள் வேலை. கேரம் பவுடரைப் போட்டுப் பார்க்கும் யோசனையும் வேண்டாம். அதுவும் பெரும்பாலும் போரிக் ஆசிட்தான்.

5. எந்த வகை ஸ்லைமானாலும் கையில் கீறல், சிரங்கு இருந்தால் தொடக் கூடாது. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பலகாரம்.

6. மே மாதத்துக்கு மாம்பழ ஸ்லைம். மஞ்சள்தூள் இருக்கும்போது கலர் எதற்கு என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், மாம்பழம் செங்கல் நிறத்தில் வந்து நிற்கும்! சோடாவின் காரத்தில் மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளில் வெண்காரம் சேர்த்துக் குங்குமம் செய்யும் பழக்கமும் இப்படி வந்ததுதான். சங்குப்பூச் சாறும் இதில் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும். இதைத் தனி வேடிக்கையாகவே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். மாம்பழ நிறத்துக்கு மஞ்சள் ஃபுட் கலர் இரண்டு சொட்டும் ஆரஞ்சு அரைச் சொட்டும் போதும். எசென்ஸ் மட்டும் சேர்க்காதீர்கள். மணத்தை நம்பி வாயில் போட்டுவிடுவார்கள். கோடையில் ஸ்லைம் சீக்கிரம் காய்ந்து இறுகும். ஒரு ஸ்பூன் வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் இளகிவிடும்.

7. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேக ஸ்லைம். லென்ஸ் திரவம் ஊற்றுவதற்கு முன்பே பசையோடு இரண்டு கப் ஷேவிங் ஃபோம் கலந்துவிடுங்கள். புசுபுசுவென்று உப்பி வரும். பாதிக்கு நீலம் சேர்த்து, மீதியை வெள்ளையாகவே விட்டு, இரண்டையும் முறுக்கினால் மழைமேகம் தயார். இந்த ஈரக் காற்றில் பசையோடு தண்ணீர் சேர்க்காமல் இருப்பது நல்லது. இரண்டொரு நாளில் நுரை அடங்கித் தட்டையாகிவிடும். அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

8. தீபாவளிக்குத் தெளிவான பி.வி.ஏ. பசையும் தங்க நிற கிளிட்டரும். கிறிஸ்துமஸுக்கு நிறம் சேர்க்காத வெள்ளை ஸ்லைமில் வெள்ளி கிளிட்டர் தூவினால் பனி.

9. பார்ப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதா? மேலே சொன்ன எதுவும் வேண்டாம். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் இசப்கோல் போட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே கெட்டியாகும்வரை காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். வழுவழுவென்று ஆடும். உலர்ந்த இசப்கோல் தொண்டையில் ஊறி அடைத்துக்கொள்ளும், அதனால் பொட்டலத்தை உயரத்தில் வையுங்கள். அதற்கும் பொறுமை இல்லையா, இரண்டு பங்கு கார்ன்ஃப்ளோருக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். குத்தினால் கல், விட்டால் தண்ணீர்.

10. பெரிய பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். பசைக்குள் நீள நீளமான இழைகள் இருக்கின்றன. போரேட் அவற்றைக் குறுக்கே முடிச்சுப் போடுகிறது. மெதுவாக இழுத்தால் முடிச்சுகள் அவிழ்ந்து மறுபடி விழ நேரம் கிடைக்கும், ஸ்லைம் நீளும். வெடுக்கென்று இழுத்தால் நேரமில்லை, அறுந்துபோகும்.

11. சோபா, பாவாடை என்று எங்கே ஒட்டினாலும் முதலில் வினிகர். புளிப்பு பட்டதும் அந்த முடிச்சுகள் அவிழ்ந்து, ஸ்லைம் மறுபடி பசையாகிக் கரையும். சாயம் போகும் துணியா என்று ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமுடியில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பால் வாருங்கள்.

12. காற்றுப் புகாத டப்பாவில், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் தின்பண்டம் என்று யாராவது எடுத்துவிடுவார்கள். வாடை மாறினாலும் புள்ளி விழுந்தாலும் உடனே குப்பைக்கூடைதான். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் மட்டும் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.