கணையாழியும் களப்பெயரும்

அசோகவனத்தில் சிறையிருந்த சீதையின் முன் அனுமன் தோன்றித் தன்னை இராமதூதன் என்றான். தவவேடத்தில் வந்த இராவணனால் முன்னரே வஞ்சிக்கப்பட்டவள் அப்பெருமாட்டி. ஆதலின், இராமபிரானது கணையாழியைக் கண்ட பின்னரே அவள் உள்ளம் முற்றும் தெளிந்தது. தோற்றத்தை எவரும் புனைந்துகொள்ளலாம். உரியவரிடம் மட்டுமே இருக்கத்தக்க பொருளைக் காட்டுதல் பிறர்க்கு அரிது. இவ்வுண்மை இக்காலத்துச் சமூக வலைத்தளங்களுக்கும் பொருந்துவதாகும்.

அத்தளங்களில் பிறர் பெயரையும் படத்தையும் வைத்துக் கணக்குத் தொடங்குதல் எளிது. இவ்வஞ்சனையைத் தடுக்கும் பொருட்டு, 2009 ஆம் ஆண்டில் ட்விட்டர் நிறுவனம் புகழ்பெற்றோர் கணக்குகளைத் தானே ஆராய்ந்து, உண்மையானவற்றிற்கு ஓர் அடையாளக் குறியை வழங்கத் தொடங்கியது. 2022 நவம்பரிலோ, திங்கள்தோறும் 8 டாலர் செலுத்துவோர் அனைவரும் அக்குறியைப் பெறலாம் என்றாயிற்று. அதன் விளைவு யாது? எலி லில்லி என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரால் எவரோ ஒருவர் பொய்க்கணக்குத் தொடங்கினார். பணம் செலுத்திக் குறியையும் பெற்றார். இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தார். நீரிழிவு நோயாளர் பலர்க்கு உயிர்காக்கும் மருந்தன்றோ அது! அச்செய்தி பொய்யென உரைத்து வருத்தம் தெரிவிக்கும் நிலை உண்மையான நிறுவனத்துக்கு ஏற்பட்டது.

விலைக்குக் கிடைக்கும் குறி கணையாழி ஆகாது. அங்ஙனமாயின், இணையத்தில் கணையாழி போல்வது எது? களப்பெயரைக் கூறலாம். இணையத்தளம் ஒன்றினைச் சென்றடைய நாம் எழுதும் தனிப்பெயரே களப்பெயர். 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு அப்பெயர்கள் இயங்குகின்றன. ஒரு களப்பெயர் ஒரே காலத்தில் இருவர்க்கு உரியதாகாது. அதற்குரிய பதிவுகளை மாற்றும் உரிமையும் அதனைப் பெற்றவர்க்கே உண்டு.

ப்ளூஸ்கை என்னும் வலைத்தளம் இதனைப் பயன்படுத்துகின்றது. அங்கே ஒருவர் தம் களப்பெயரையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம். தளம் அவர் கணக்குக்கெனத் தனி அடையாளத் தொடர் ஒன்றை அளிக்கும். அதனை அவர் தம் களப்பெயர்ப் பதிவில் எழுதுதல் வேண்டும். தளம் அப்பதிவைப் படித்து, இரண்டும் ஒத்திருப்பின் அப்பெயரை ஏற்கும். அமெரிக்க நாட்டுச் செனட் அவையின் உறுப்பினர் சிலர், அவ்வவைக்குரிய களப்பெயரின் முன் தம் பெயரைச் சேர்த்து 2023 இல் இம்முறையைக் கைக்கொண்டனர். அவையின் இசைவின்றி அயலார் எவரும் அதனைப் பெறுதல் இயலாது.

எனினும், இதற்கும் எல்லை உண்டு. கணக்கும் களப்பெயரும் ஒருவர் ஆளுகையில் உள்ளன என்பதை மட்டுமே இம்முறை மெய்ப்பிக்கும். அவர் நல்லவர் என்பதையோ, அவர் கூற்று உண்மை என்பதையோ மெய்ப்பிக்காது. ஓர் எழுத்தே வேறுபட்ட போலிப்பெயரை வஞ்சகர் விலைக்கு வாங்குதலும் கூடும். உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாத பெயர் பிறர் கைக்கு மாறுதலும் உண்டு.

ஆதலின், பெயரை எழுத்தெழுத்தாக நோக்குக. அது உரியவருடைய பெயர்தானா என்பதை வேறு வழியாலும் அறிக. அதன் பின்னரே செய்தியை நம்புதலும் பிறர்க்கு உரைத்தலும் அறிவுடைமையாகும்.