பழைய கிண்டிலே போதும்

“டீச்சர், இதுல கலரே வராதா?” வாசிப்பு வேளையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்.

“கலரும் வராது, மெசேஜும் வராது” என்றேன். வகுப்பு சிரித்தது.

என்னிடம் இருப்பது 2016-இல் விற்பனைக்கு வந்த, விளக்கு வசதி இல்லாத 6 அங்குலக் கிண்டில். வண்ணத் திரையும் எழுதும் வசதியும் உள்ள புதிய கருவிகள் வந்துவிட்டன. “மாத்திடுங்க டீச்சர்” என்று உடன் பணிபுரிவோரும் சொல்கிறார்கள். நான் மாற்றவில்லை.

இதன் திரையை மின்தாள் என்கிறோம். அதில் மிக நுண்ணிய உறைகள் உள்ளன. ஒவ்வோர் உறைக்குள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறத் துகள்கள் மேலே வந்து எழுத்தாகத் தெரிகின்றன. தோன்றிய எழுத்து அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை. அதனால் ஒருமுறை மின்னேற்றினால் பல நாள்கள் போதும். மரத்தடி வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும்.

நூல்களுக்கும் குறைவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியாகச் சங்க நூல்கள் முதல் பாரதியார் படைப்புகள் வரை இலவசமாகக் கிடைக்கின்றன.

குறைகளும் உண்டு. வரைபடமும் அறிவியல் படங்களும் இதில் எடுபடாது. பழைய நூல்களின் வருடப்பட்ட பக்கங்கள் சிறு திரையில் அடங்குவதில்லை. அவற்றுக்குப் பள்ளிக் கணினியையே பயன்படுத்துகிறேன்.

என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவன் ஒருவன் இருக்கிறான். கண்ணாடி அணிந்த பின்னும் பாடநூலின் சிறிய எழுத்து அவனுக்குச் சிரமம். வாசிப்பு வேளையில் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். ஒருநாள் இந்தக் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு திரைக்கு ஏழெட்டு வரிகளே தெரிந்தன. யார் உதவியுமின்றி ஒரு சிறுகதையை முடித்துவிட்டு, “அடுத்த கதை எங்கே டீச்சர்?” என்றான். அவன் கைப்பேசியில் படித்திருந்தால் பாதியில் விளையாட்டுக்குப் போயிருப்பான் என்றே நினைக்கிறேன்.

புதிய கருவி வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எந்தப் பணிக்காக இது? இருப்பதைக் கொண்டு அப்பணி நடக்கிறதா? இது வந்தால் எந்தக் குழந்தைக்குப் பயன்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும் நாளில் நானும் மாற்றிக்கொள்வேன். அதுவரை வாசிப்பு வேளையில் இந்தக் கிண்டில் அந்த மாணவனிடம்தான் இருக்கும்.