குழந்தைக்கு முன்னால் பே ஸ்லிப்பைப் பாருங்கள்

டெல்லி ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப்பில் வளர்ந்த எங்களுக்கு வருமான வரி என்பது நிஜாமுதீன் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்கிற சமாச்சாரம். அம்மாக்கள் அந்த வீடுகளில் வேலை பார்த்தார்கள், மாதம் பிறந்தால் ரொக்கம். எங்கள் தலைமுறையில்தான் வங்கியில் சம்பளம், பான் கார்டு, ஃபார்ம் 16 எல்லாம் வந்தன. கல்யாணம் ஆனதும் எல்லோரும் கேட்பது, "ரெண்டு பேர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டணுமா?"

வேண்டாம். இங்கே கணவர் தனி, மனைவி தனி. ஒருவர் பழைய வரி முறையிலும் இன்னொருவர் புதிய முறையிலும் இருக்கலாம். தம்பதிகள் விரும்பினால் சேர்ந்து கணக்குக் காட்ட வழி வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2025 பட்ஜெட்டுக்கு முன் யோசனை சொன்னது. அந்த பட்ஜெட்டில் அது வரவில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டிலும் கல்யாணத்தைப் பார்த்து வரி போட்டிருக்கிறார்கள். 1955-56 பட்ஜெட்டில் சி.டி. தேஷ்முக் மணமானவருக்கு 2,000 ரூபாய், ஆகாதவருக்கு 1,000 ரூபாய் என்று வரி விலக்கு வரம்பை வைத்தார். பிறகு குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் தனிச் சலுகை வந்து போனது.

ஜெர்மனியில் இன்றும் தம்பதிகள் வரி வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதிகம் சம்பாதிப்பவர் மூன்றாம் வகுப்பு, மற்றவர் ஐந்தாம் வகுப்பு என்று போனால் மாதாமாதம் வீட்டுக்கு வரும் பணம் கூடும். ஆனால் ஐந்தில் இருப்பவரின் கைச்சம்பளம் குறையும். அவர் பிள்ளை பெறப்போகும் மனைவியாக இருந்தால், அந்தக் கைச்சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் பெற்றோர் உதவித்தொகையும் குறையும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே வகுப்பை மாற்றிவிடுகிறார்கள்.

நமக்கு அந்த வகுப்பெல்லாம் இல்லை. இருந்தாலும் டெல்லியில் வேலை பார்க்கும் பெண்ணிடம் இதே தேர்வு வேறு பெயரில் வருகிறது: "சம்பளமா, கன்சல்டன்டா?"

எனக்கும் வந்தது. பில்லிங் வேலை, மாதம் 20,000. அடிப்படைச் சம்பளம் 15,000 என்பதால் பி.எஃப். பிடித்தம் 1,800, இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், அதாவது 150 ரூபாய். கையில் 18,050. கன்சல்டன்டாக மாறினால் 24,000 தருவதாகச் சொன்னார்கள். பத்து சதவீதம் டி.டி.எஸ். போக 21,600 கைக்கு வரும். பிடித்த 2,400-ஐயும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வாங்கிவிடலாம், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையே. வருடத்துக்கு 70,000 ரூபாய்க்கு மேல் கூட வரும். என் கணவரே "மாறிடேன்" என்றார்.

நான் மாறவில்லை. கன்சல்டன்ட் என்றால் இ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது, பிரசவ விடுப்பும் கிடையாது. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் முழுச் சம்பளம். என் கணக்கில் அது ஏறத்தாழ 1,20,000. பிரசவச் செலவும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையோடு போய்விடும். பி.எஃப்.பில் என் 1,800-க்கு இணையாக முதலாளியும் பங்கு போடுகிறார். இதையெல்லாம் பேப்பரில் எழுதிக் காட்டிய பிறகுதான் வீட்டில் வாயை மூடினார்கள்.

நாள் கணக்கும் முக்கியம். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகப் பிரிப்பார்கள். பிரசவத்துக்கு முந்தைய அப்படிப்பட்ட இரண்டு காலங்களில் மொத்தம் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு நிறுவனமே பிரசவ விடுப்புச் சம்பளம் தர வேண்டும். அதற்குப் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்.

பழைய முறையா, புதிய முறையா என்பதில் எங்கள் மாதிரி வீடுகளுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை. அப்படியிருந்தும் மார்ச் மாதம் வந்தால் "வரி மிச்சம்" என்று பாலிசி விற்க யாராவது வந்துவிடுகிறார். புதிய முறையில் பாலிசிக்கான கழிவே கிடையாது. சம்பளம் அந்த வரம்பைத் தாண்டி, வாடகையும் வீட்டுக் கடன் வட்டியும் பெரிதாக இருந்தால் மட்டும் பழைய முறையைப் போட்டுப் பாருங்கள். அதைத் தேர்ந்தெடுக்கிற சம்பளக்காரர் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். பிந்தினால் புதிய முறைதான்.

சித்தி கேட்டாள்: "வரியே இல்லன்னா எதுக்குடி ரிட்டர்ன்?" பிடித்த டி.டி.எஸ். திரும்ப வர, நாளைக்குக் கடன் கேட்கும்போது வருமானம் காட்ட. மனைவி பெயரிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. எட்டாது. அவர்கள் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தை விடக்கூடாது. முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000. இ-ஷ்ரம் அட்டை இருந்தால் விண்ணப்பிக்கலாம், அங்கன்வாடியில் கேளுங்கள். ஆறு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் அது எவ்வளவு சின்னத் தொகை என்பது எனக்கும் தெரியும்.

எங்கள் கேம்ப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று பாராபுல்லா வடிகால் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189-க்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி. ஜங்புரா எங்கே, நரேலா எங்கே! இவ்வளவு தூரம் போய்வர முடியாமல் பெண்கள்தான் முதலில் வேலையை விடுகிறார்கள். குழந்தை பெறும் யோசனை இருந்தால் அவசரப்பட்டு விடாதீர்கள். நரேலா பக்கமே வேறு வேலை கிடைத்தாலும் இ.எஸ்.ஐ. உள்ள இடமாகப் பார்த்துச் சேருங்கள். பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே அங்கே கொடுத்தால் முன்பு கட்டிய சந்தா நாட்களும் கணக்கில் சேரும். ஆதாரில் முகவரியை மாற்றி, இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியையும் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த சம்பளம் வந்ததும் மனைவியின் பே ஸ்லிப்பில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எச்.ஆரிடம் கேளுங்கள். உண்டான பிறகு கேட்டால் 70 நாள் கணக்குக்கு நேரம் போதாமல் போகலாம்.